வாசகர் கேள்வி – பதில்: கைப்பேசியில் ஓயாத அரசியல் சண்டை

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே புலம்பல்தான் அதிகம்: புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் அரசியல் பேசிப் பேசி நொந்துவிட்டோம், எப்படி வெளியே வருவது? ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் குடும்பப் புலனக் குழுவில் 46 பேர். இரவு ஒன்பது மணி ஆனால் பெரிய மாமாவும் சித்தப்பாவும் கட்சி விஷயத்தில் இறங்கிவிடுகிறார்கள். நான் ஒரு வரி எழுதினால் எனக்குப் பத்து வரி வருகிறது. படித்துவிட்டுப் படுத்தால் நெஞ்சு படபடவென்கிறது, தூக்கம் இல்லை. குழுவை விட்டுப் போகவும் முடியாது. சாவு, கல்யாணம் எல்லாம் அதில்தான் சொல்கிறார்கள். – வாசகி, செந்தூல்

பதில்: குழுவை விட்டுப் போக வேண்டாம். அது உங்களைக் கூப்பிடாதபடி செய்தால் போதும். இதில் இரண்டு வேலை இருக்கிறது. பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, “ஒன்றும் பயனில்லை” என்கிறார்கள்.

முதல் வேலை ஒலியை அடைப்பது. குழுவின் பெயரைத் தொட்டு ‘மியூட்’ போனால் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வு வரும். எட்டு மணி நேரத்தைத் தொட்டால் காலையில் பழைய கதைதான். ‘எப்போதும்’ என்பதையே தொடுங்கள். இரண்டாவது, உரையாடல் பட்டியலில் அந்தக் குழுவை அழுத்திப் பிடித்து ‘ஆர்க்கைவ்’ செய்வது. செய்துவிட்டு அமைப்புகளில் ‘சாட்ஸ்’ பகுதிக்குப் போய், ஆர்க்கைவ் செய்தவை அங்கேயே இருக்கட்டும் என்ற தேர்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் மாமாவின் அடுத்த செய்தியோடு குழு மறுபடி பட்டியலின் உச்சிக்கு ஏறி வந்துவிடும். ஒலிதான் இல்லையே என்பீர்கள். ஆனால் வட்டத்தில் ‘87’ என்று கண்ணில் பட்டால் விரல் சும்மா இருக்காது.

இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை உண்டு. யாராவது உங்கள் பெயரை @ குறியோடு போட்டாலோ, நீங்கள் எழுதியதைப் பிடித்துப் பதில் எழுதினாலோ அறிவிப்பு வரும். பெயர் போடுவதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் பிடித்துப் பதில் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. முதல் இரண்டு வாரம் வாழ்த்துகூட அங்கே போடாமல் ஆளுக்குத் தனியாக அனுப்புங்கள்.

சரி, சாவுச் செய்தி? அதற்கு எல்லாச் செய்திகளையும் மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டியதில்லை. குழுவுக்குள் தேடல் கட்டத்தைத் திறந்து ‘காலமானார்’, ‘இறுதிச் சடங்கு’, ‘திருமண’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், பாதிப் பேர் ஆங்கிலத்திலேயே எழுதுவார்கள். அதனால் அதே சொற்களை அந்த எழுத்திலும் ஒருமுறை தேட வேண்டும். இரண்டு நிமிட வேலை. மாலை ஆறரைக்கு ஒருமுறை போதும். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், படுக்கையில் வேண்டவே வேண்டாம்.

இதைவிட நிலையான வழி ஒன்று இருக்கிறது. ‘குடும்ப அறிவிப்பு’ என்று இன்னொரு குழு திறந்து, குழு அனுமதிகளில் செய்தி அனுப்பும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள். நிர்வாகிகள் இரண்டு மூன்று பேர் போதும். ஊரில் யாருக்கு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளும் அத்தை ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பாரே, அவர் கட்டாயம் வேண்டும். சண்டை போடும் இருவரில் ஒருவரை மட்டும் நிர்வாகி ஆக்கினீர்களானால் மற்றவர் அன்றைக்கே கேள்வி கேட்பார். இருவரையுமே விட்டுவிடுங்கள்.

“படிச்சிட்டும் பதில் சொல்லலையே” என்று யாராவது கேட்பார்கள். நீல டிக் அடையாளத்தைத் தனி உரையாடலில் நிறுத்தலாம், குழுவில் நிறுத்த முடியாது. யார் படித்தார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியும். அதற்குக் காரணம் தேடி அலையாதீர்கள். “மாமா, ராத்திரியிலே ஃபோன் பார்க்கிறதில்லே, தூக்கம் கெடுது” என்றால் போதும். நடப்பதும் அதுதானே.

நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் கைப்பேசியை எடுத்து வைத்த பிறகும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமானால் மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது. காலை எட்டு முதல் நள்ளிரவு வரை எடுப்பார்கள். கோலாலம்பூர் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் உண்டு. அரசியல் சண்டைக்கெல்லாமா அங்கே கூப்பிடுவது என்று கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: நான் சண்டைக்காகப் பேசுவதில்லை. பொய்யை அனுப்புகிறார்கள், திருத்துகிறேன். நான் வாயை மூடினால் பொய்தானே ஜெயிக்கும்? – வாசகர், பிறை

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் திருத்துவதும் வாதாடுவதும் ஒன்றல்ல. திருத்தம் ஒரு செய்தியில் முடிந்துவிடும். உங்கள் ஏழாவது பதில் எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் குழுக்களில் சுற்றும் குரல் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று நிமிடம் ஓடும். “எல்லாருக்கும் வணக்கம், இது ரொம்ப முக்கியமான விஷயம், நம்ம ஆளு ஒருத்தர் அமைச்சிலேயே வேலை செய்யறார், அவர் சொன்னது” என்று தொடங்கும். பேசுபவர் பெயர் இருக்காது, தேதி இருக்காது, ‘அடுத்த மாசத்திலேருந்து’ என்று இருக்கும். எந்த ஆண்டின் அடுத்த மாதம்? தேதி இல்லாததால்தான் அது மூன்று வருடமாகப் புதுச் செய்தியாகவே உலவுகிறது. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பப் புலனம் விடும். சாதாரணச் செய்தியை ஐந்துக்கு அனுப்பலாம்.

சரிபார்க்க, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் ‘செபெனார்ஞா’ தளம் 2017 முதல் இருக்கிறது. அதே ஆணையம் 2025 ஜனவரியில் ‘ஐஃபா’ என்ற உரையாடல் பொறியை (சாட்பாட்)த் திறந்தது. அதில் தமிழிலேயே கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம், இரண்டும் அரசாங்க நிறுவனத்தின் கையில் உள்ளவை. அரசாங்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால் அங்கே மட்டும் நிற்காமல், இரண்டு மூன்று நாளிதழ்களையும் நாடாளுமன்ற ஹன்சார்டையும் பாருங்கள். அமைச்சர் அவையில் என்ன சொன்னார் என்பது ஹன்சார்டில் சொல்லுக்குச் சொல் இருக்கும், நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பிறகு எழுதுங்கள். உண்மையை முதலில், ஆதாரத்தை அடுத்து வையுங்கள், அதோடு நில்லுங்கள். “இந்தக் குரல் பதிவு பழசு. மானிய விண்ணப்பத் தேதி மாறவில்லை, அமைச்சின் அறிவிப்பு இதோ.” இவ்வளவுதான். ‘எத்தனை தடவை சொன்னாலும் உங்களுக்கு’ என்று தொடங்கிய வரியை அழித்துவிடுங்கள், சண்டை அந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது. பொய்ப் படத்தைத் திரும்ப ஒட்டிக் காட்டுவதும் வேண்டாம். பாதிப் பேர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். அனுப்பியவர் வயதில் மூத்தவர் என்றால் குழுவில் திருத்துவதற்கு முன் தனியாகச் சொல்லிப் பாருங்கள். நாலு பேர் முன்னால் தவறு என்றால் ஒப்புக்கொள்ளும் பெரியவர்கள் குறைவு. தனியாகச் சொன்னால் சத்தமில்லாமல் தாமே அழித்துவிடுவதும் உண்டு.

அவர் மறுத்தால் இன்னொரு முறை பதில் சொல்லலாம், மூன்றாவது கிடையாது. நீங்கள் எழுதியது அவருக்காக மட்டும் இல்லை. ஒன்றும் பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உங்கள் முதல் செய்தியே எட்டிவிட்டது. இருபதாவது செய்தி வரும்போது அவர்கள் குழுவை மியூட் செய்திருப்பார்கள்.

கேள்வி: நான் தேடிப் போவதில்லை, அதுவே வருகிறது. முகநூல், டிக்டாக், எதைத் திறந்தாலும் எனக்கு எரிச்சலூட்டும் அரசியல்தான் முதலில். என்னைப் பிடிக்காமல் செய்கிறார்களா? – வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைவிட, நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதையே அது பார்க்கிறது. ஒரு காணொளியில் எத்தனை விநாடி நின்றீர்கள், கருத்துகளைத் திறந்தீர்களா, எழுதினீர்களா, நண்பருக்கு அனுப்பினீர்களா என்பதெல்லாம் கணக்கில் ஏறும். ‘இவனெல்லாம் ஒரு தலைவனா’ என்று நீங்கள் திட்டி எழுதியதும் ஒரு கருத்துதான். கோபத்தில் நண்பருக்கு அனுப்பி “பாருடா இந்தக் கூத்தை” என்றாலும் பகிர்வுதான். வசை என்றால் தள்ளுபடி கிடையாது.

அதனால் முதல் வேலை, திட்டுவதை நிறுத்துவது. பிடிக்காத காணொளி வந்தால் உடனே தள்ளாமல் ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள், ‘விருப்பமில்லை’ என்ற தேர்வு வரும். டிக்டாக்கில் அமைப்புகளுக்குள் உள்ளடக்க விருப்பம் என்ற பகுதியில் சொற்களை வடிகட்டும் வசதி இருக்கிறது. அங்கேதான் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள். கட்சித் தலைவரின் பெயரைத் தமிழில் மட்டும் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். நம் நாட்டு அரசியல் நான்கு மொழியில் ஓடுகிறது. அதே பெயரைத் தமிழ் எழுத்தில் ஒன்று, மலாய் எழுத்தில் ஒன்று, சுருக்கப் பெயர் ஒன்று, கட்சியின் எழுத்துச் சுருக்கம் ஒன்று எனத் தனித்தனியாகப் போட வேண்டும். எழுத்தில் இல்லாமல் பேச்சில் மட்டும் பெயர் வந்தால் தப்பி வந்துவிடும் வாய்ப்பு உண்டு. அதற்கு மறுபடி ‘விருப்பமில்லை’.

முகநூலில் மூன்று இடம். ஓயாமல் அரசியல் போடும் நண்பரை 30 நாள் ‘ஸ்னூஸ்’ செய்யலாம், அவருக்குத் தெரியாது. 30 நாளுக்குப் பிறகு தானாகத் திரும்பி வருவார், அதை நினைவில் வையுங்கள். நட்பு இருக்கட்டும், பதிவு வேண்டாம் என்றால் ‘அன்ஃபாலோ’. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே கருத்து எழுதிய பதிவு ஒவ்வொரு புதுக் கருத்துக்கும் உங்களைத் தட்டி எழுப்பும். அந்தப் பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டு அதன் அறிவிப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். சண்டையின் பாதி அங்கேயே அணையும்.

யூடியூபில் ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பதோடு, பார்த்த வரலாற்றிலிருந்தும் அந்தக் காணொளிகளை நீக்குங்கள். பரிந்துரை அந்த வரலாற்றை வைத்துத்தான் வருகிறது. ஒரே நாளில் மாறாது. சில நாள் பிடிக்கும், நடுவில் ஒருநாள் ஆசைக்கு அரை மணி நேரம் பார்த்தால் கொஞ்சம் பின்னுக்குப் போகும்.

கேள்வி: செயலிக்கு நேரக் கட்டுப்பாடு போட்டேன். இரண்டே நாளில் நானே எடுத்துவிட்டேன். – வாசகி, கெப்போங்

பதில்: எல்லாரும் அப்படித்தான். ஐபோனில் கட்டுப்பாடு வந்ததும் ‘இன்றைக்கு மட்டும் விடு’ என்ற கதவும் கூடவே வரும். திரை நேரத்துக்கான கடவுச்சொல்லை நீங்கள் போடாமல் மகளையோ கணவரையோ போடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். அரை மணி நேரக் கட்டுப்பாடு போட்டுவிட்டு இரவு பதினொன்றரைக்குத் திறக்கும் ஆள் என்றால் பன்னிரண்டுக்கு உங்களுக்கு இன்னொரு அரை மணி நேரம் பரிசு. அவர்களுக்கு நேரக் கட்டுப்பாட்டைவிடச் செயலியைக் கைப்பேசியிலிருந்தே நீக்கிவிட்டு, கணினியில் மட்டும் பார்ப்பது நல்லது. கணக்கு அப்படியே இருக்கும். கணினி முன் போய் உட்கார்ந்து, திறந்து, கடவுச்சொல் தட்டுவதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. மலேசிய அரசியல்கூட இல்லை, தமிழ்நாட்டு அரசியல்! இரவு ஒரு மணி வரை யூடியூபில் விவாதம் பார்த்து, நேரலைக் கருத்தில் யார் யாரோடோ மல்லுக்கு நிற்கிறார். அங்கே நமக்கு ஓட்டுகூட இல்லையே! – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஓட்டு இல்லாத ஊர் அரசியலில்தான் நமக்கு வீரம் அதிகம் என்று கிண்டல் செய்யத் தோன்றுகிறது, விடுங்கள். உங்கள் அப்பாவின் சிக்கலில் பெரும்பங்கு கடிகாரத்தில் இருக்கிறது. நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. சென்னையில் இரவு ஒன்பதுக்குத் தொடங்கும் விவாதம் இங்கே பதினொன்றரைக்கு. அது முடியும்போது இங்கே பன்னிரண்டரை. பிறகு கருத்துச் சண்டை.

பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார், சொல்லவும் தேவையில்லை. அதே நிகழ்ச்சி மறுநாள் காலையிலும் யூடியூபில் இருக்கும். கோப்பியோடு எட்டு மணிக்குப் பார்க்கட்டும், வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்துக் கொடுங்கள், ஒரு மணி நேர விவாதம் நாற்பது நிமிடத்தில் முடியும். பதிவில் பார்த்தால் நேரலைக் கருத்தில் குதிக்க வாய்ப்பில்லை, அதுதான் பெரிய லாபம். தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியிலும் பார்ப்பவராக இருந்தால் அங்கேயும் தனியாக அணைக்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். தெரியாமல் செய்தால் அந்தச் சண்டை வீட்டுக்குள் வரும்.

கேள்வி: நான் ஒரு குடியிருப்புக் குழுவின் நிர்வாகி. அரசியல் சூடாகி, சில நேரம் இனம், மதம் வரை போகிறது. சட்டப்படி எனக்கு ஏதும் வருமா? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வரலாம். ஆதாரச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 முதல் அமலில் உள்ளது. ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி, தொகுப்பாளர் என்று பெயரோடு தோன்றுபவரே அதை வெளியிட்டவர் என்று அது அனுமானிக்கிறது. மாறாக நிரூபிக்கும் பொறுப்பு அவர்மேல் விழும். தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998-இன் 233-ஆம் பிரிவு 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்டபோது உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகவும், சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்தது. இனம், மதம், அரச பரம்பரை இவற்றில் எதைத் தொட்டாலும் 1948 நிந்தனைச் சட்டமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட செய்தி பற்றிப் போலீஸ் கேட்டால் இந்தப் பக்கத்தை நம்பாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது: குழு விவரத்தில் “தண்ணீர், குப்பை, பாதுகாப்பு, கார் நிறுத்தம் மட்டும்” என்று எழுதிவிடுங்கள். மோசமான செய்தி வந்தால் நிர்வாகி என்ற முறையில் அதை எல்லாருக்கும் அழிக்க உங்களால் முடியும், உடனே செய்யுங்கள். அழிக்கும் முன் தேதியோடு ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் வேட்புமனு நாளிலிருந்து வாக்களிப்பு நாள் முடியும்வரை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். பினாங்கு சட்டமன்றத் தேர்தல் 2023-இல் வேட்புமனு ஜூலை 29, வாக்களிப்பு ஆகஸ்ட் 12. இரண்டு வாரம்தான், குடியிருப்பு தாங்கும்.

கேள்வி: ஒதுங்கினால் ‘பயந்தாங்கொள்ளி’, ‘சமுதாய உணர்வில்லாதவன்’ என்கிறார்கள். – வாசகர். இப்போது வேலை கோலாலம்பூரில், வீடு பினாங்கு பட்டர்வொர்த்தில்

பதில்: அப்படிச் சொல்பவரிடம் அவருடைய நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

கோலாலம்பூரில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் சட்டமன்றம் கிடையாது, ஊராட்சித் தேர்தலும் இப்போது இல்லை. ஆக ஒரு கோலாலம்பூர்வாசி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆள் அந்த நாடாளுமன்ற உறுப்பினர். பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதிகளோடு 40 சட்டமன்றத் தொகுதிகளும் உண்டு, அங்கே உங்களுக்கு இரண்டு பேர். அடைத்த கால்வாய்க்கும் எரியாத விளக்குக்கும் முகநூலில் நூறு வரி எழுதுவதைவிட, இடம், தேதி, இரண்டு படம், முந்தைய புகார் எண் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதத்தைச் சேவை மையத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். நகல் இல்லாமல் வந்தால் அடுத்த முறை “கடிதமே வரலையே” என்பார்கள்.

உங்கள் நிலைமைக்கு இன்னொன்று. தானியங்கி வாக்காளர் பதிவு 2021 டிசம்பரில் வந்த பிறகு, அடையாள அட்டை முகவரிதான் பேச்சு. அட்டையில் பட்டர்வொர்த் இருக்கும்வரை உங்கள் ஓட்டு அங்கேதான். தொகுதி மாற வேண்டுமென்றால் முதலில் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்ற வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அட்டை எண்ணைத் தட்டி இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் வாரத்தில் அந்தத் தளம் திணறும்.

கேள்வி: நேற்றிரவு கோபத்தில் அண்ணனைக் குழுவில் கண்டபடி எழுதிவிட்டேன். இப்போது என்ன செய்ய? – வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: எழுதி 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும், அது போய்விட்டது. எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக அவகாசம் உண்டு, அதனால் இது உங்கள் கைக்கு எட்டும்போதே அது முடிந்திருக்கும். இனி இப்படி நடந்தால் உடனே அழியுங்கள். ‘செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடம் நிற்கும், அதற்குள் யாராவது படம் எடுத்தும் இருப்பார்கள். ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள், உங்கள் கைப்பேசியில் மறையும், அண்ணன் கைப்பேசியில் இருக்கும்.

மன்னிப்பைக் குழுவில் எழுத வேண்டாம், அதற்கு அடியிலும் நாலு பேர் வந்து தீர்ப்புச் சொல்வார்கள். அண்ணனை அழைத்துப் பேசுங்கள். “அண்ணே, நான் எழுதினது தப்பு. அந்த விஷயத்திலே நான் நினைக்கிறது வேற, நீங்க நினைக்கிறது வேற, அதை நாம பேச வேணாம். ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பார்க்க வர்றேன், நீங்களும் வர்றீங்களா?” இதில் ‘ஆனா நீங்களும்தான்’ என்று ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். அவர் எடுக்கவில்லையென்றால் ஒரு நாள் விட்டு மறுபடி அழையுங்கள். குரல் பதிவு அனுப்ப வேண்டாம், அது அடுத்த அரை மணி நேரத்தில் அண்ணி கைக்கும் போகும், அங்கிருந்து வேறு குழுவுக்கும் போகும்.